பெட்ரோல் குழாயில் ஒரு வேப்பங்குச்சி

குச்சியை எடுத்துவிட்டால் வண்டி கிளம்பிவிடும் என்றுதான் திலகமணி நினைத்திருந்தாள். அடைத்தவள் அவள்தானே. எந்த இடத்தில் அடைத்தாள், எதை வைத்து அடைத்தாள் என்று அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. காலையில் சென்னியப்பன் குளியலறைக்குள் போன நேரம் பார்த்து ஷெட்டுக்கு வந்தாள். குளியல் என்பது பேச்சுக்குத்தான், வாளி நிரம்பி வழிவதைப் பார்த்தபடி முக்காலியில் உட்கார்ந்திருப்பார், அவளாகப் போய்த் தண்ணீர் மோந்து ஊற்றும்வரை அப்படியே இருப்பார். அந்த நேரத்துக்குள் பழைய பியட் காரின் பானட்டைத் தூக்கி முட்டுக்கொடுத்து, டேங்கிலிருந்து பம்புக்கு வரும் ரப்பர் குழாயைக் கழற்றி, உள்ளே செருகியிருந்த வேப்பங்குச்சியைக் கொண்டை ஊசியால் நெம்பி எடுத்தாள். பல் விளக்க ஒடிக்கிற குச்சிதான், சுண்டுவிரலில் பாதி. பெட்ரோலில் ஊறிக் கறுத்துப்போய் உள்ளங்கையில் கிடந்தது. இத்தனூண்டா? இதுவா ஒரு மனுசனை இத்தனை மாசம் அலைக்கழித்தது? காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டு யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தாள். எதிர்வீட்டு மாடியில் துணிகள் ஆடிக்காற்றில் அடித்துக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். ஆனாலும் அந்தத் துணிகள் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது. குழாயைத் திரும்ப மாட்டிச் சாவியைத் திருகினாள். செல்ப் கிர்ர் கிர்ர் என்று சுற்றியது, இஞ்சின் பிடிக்கவில்லை. சோக்கை இழுத்துத் திருகினாள், பிடிக்கவில்லை. எடுத்துவிட்டேனே, இன்னும் என்ன உனக்கு என்று வண்டியிடம் கேட்டாள். நிஜமாகவே வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். வண்டி பேசாமல் நின்றது. கோபித்துக்கொண்ட ஆள் சமாதானத்துக்கு வராத மாதிரி நின்றது.

மத்தியானத்துக்குள் கிளம்பியாக வேண்டும். தம்பி ரங்கசாமி காலையிலேயே போன் பண்ணிவிட்டான். "அக்கா, வண்டி வந்துருச்சா?" என்றான். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றாள். "மத்தியானத்துக்குள்ள வரலீன்னா சொல்லீரு. ஆம்புலன்சுக்குச் சொல்லி வெச்சிருக்கறேன். ரெண்டு ஆளு வருவாங்க, ஒரு ஊசி போட்டாங்கன்னா மச்சான் பாட்டுக்குத் தூங்கீருவாரு. அவருக்கு ஒண்ணுமே தெரியாது." அவருக்கு ஒன்றும் தெரியாது. எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள், ஆறுதல் மாதிரி சொல்கிறார்கள். தொண்டாமுத்தூர் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கும் அந்த இல்லத்தில், ஞாபகம் தவறினவர்களைப் பார்த்துக்கொள்கிற இடம் அது, பொறுப்பாயிருந்த அம்மாளும் அதையேதான் சொன்னாள், கொஞ்ச நாளில் பழகிவிடுவார், வீடு என்று ஒன்று இருந்ததே மனதில் இருக்காது என்று. நல்ல அம்மாள்தான். சுத்தமான இடம். மாமரம் இருந்தது. ஒருவர் மாமரத்தடியில் நின்று தன் சட்டைப் பொத்தான்களைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார். போன வாரம் ரங்கசாமி தன்னுடைய புது வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, வாங்க மச்சான் ஒரு ரவுண்டு போய்ட்டு வருவோம் என்று கூப்பிட்டபோது சென்னியப்பன் கேட்டுத் தூணை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டுவிட்டார். என்னையக் கடத்தீட்டுப் போறாங்க, அய்யோ ஆராச்சும் வாங்களேன் என்று தெருவே கேட்க அலறினார். அவர் விரல்களைத் தூணிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தது ரங்கசாமியில்லை, அவள்தான். தன் பியட்டைத் தவிர வேறு வண்டியில் அவர் ஏறமாட்டார் என்று அன்றைக்குத் தெரிந்துபோயிற்று. அப்படியென்றால் பியட்டிலேயே கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று சொன்னவளும் அவள்தான். எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அந்த யோசனை. அவருக்குப் பிரியமான ஒரே பொருளை எடுத்து அதிலேயே அவரை ஏற்றி.

அவர் இப்போது ஷெட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி, பையில் பேனா குத்தி அனுப்பியிருந்தாள். அவிநாசிக்குப் பஞ்சு பார்க்கப் போகிறோம் என்று சொல்லியிருந்தாள். மில்லுக்குப் பஞ்சு வாங்குகிற வேலை அவருக்கு, ஆயுசு பூராவும் அதுதான். உடுமலை, அவிநாசி, அந்தியூர் என்று எல்லாச் சந்தைக்கும் இந்தப் பியட்டிலேயே ஓடினவர். ஒரு சிட்டிகை பஞ்சை இரண்டு கைப் பெருவிரலுக்கும் நடுவில் இழுத்து இழுத்து இழை எத்தனை நீளம் என்று சொல்லிவிடுவார். இப்போது தலையணை உறையைப் பிரித்து, அதிலிருந்து பஞ்சைப் பிய்த்து இழுத்துக்கொண்டிருக்கிறார். வீடு முழுக்கப் பஞ்சு பறக்கிறது, சோற்றில் விழுகிறது, மின்விசிறியில் சுற்றிக்கொள்கிறது. அதைப் பொறுத்துக்கொள்ள முடியாதா? பஞ்சுதானே? பஞ்சுக்காகவா ஒருத்தரைக் கொண்டுபோய் விடுகிறாய் என்று யாராவது கேட்டால், இல்லை, பஞ்சுக்காக இல்லை. பின்னே எதற்காக? தூக்கத்துக்காக. அவள் தூங்கி நெடுநாளாயிற்று. படுத்தால் கேட்டு திறக்கிற சத்தம் கேட்கிற மாதிரியே இருக்கும், அடுப்பைத் திறந்துவிட்டுத் தீ வைக்காமல் போய்விட்டாரோ என்று மூக்கு தானாகவே முகர்ந்து பார்க்கும். தூக்கத்துக்காகவா என்று அந்த யாரோ மறுபடி கேட்டார். தூக்கம் வேண்டுமென்றால் மனுசனை விட்டுவிடலாமா? அவள் ஸ்பேனரை எடுத்தாள். ஒருநாள் காலையில் அவர் அவளை நீ என்பார், இன்னொரு நாள் நீங்க என்பார். நீங்க என்றால் அன்றைக்கு அவளை யாரென்று தெரியவில்லை என்று அர்த்தம். எழுந்ததும் அதற்காகத்தான் காத்திருப்பாள். இன்றைக்கு அவர் இன்னும் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

முதலில் கோளாறு கரண்டிலா, பெட்ரோலிலா என்று தெரிய வேண்டும். இதெல்லாம் அவர் சொல்லிக்கொடுத்ததில்லை, டார்ச்சு பிடித்துக்கொண்டு நின்றதில் வந்தது. கல்யாணமான புதிதில் தாராபுரம் ரோட்டில் புளியமரத்தடியில் வண்டி நின்றுபோகும், அவர் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசிக்கொண்டே இருப்பார். அவளோடு பேசுகிறார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள், ரொம்ப வருசம் கழித்துத்தான் தெரிந்தது, அவர் இஞ்சினோடு பேசிக்கொண்டிருந்தார். ஆனாலும் காதில் விழுந்தது தங்கிவிட்டது. தன்னுடைய மொபெட்டிலிருந்து ஒரு பாட்டிலில் பிடித்துவைத்திருந்த புதுப் பெட்ரோலில் கொஞ்சம் எடுத்து, காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு கார்புரேட்டர் வாயில் நேராக ஊற்றினாள். சாவியைத் திருகினாள். பொசுக்கென்று இஞ்சின் பிடித்தது. ஷெட்டுத் தகரம் அதிர்ந்தது, பழைய புகை வந்தது, அந்த வாசனை, சந்தைக்குப் போய்வந்த சட்டையின் வாசனை, அவள் நெஞ்சு பகீரென்றது. சந்தோசத்தினால் இல்லை. அய்யோ வந்துவிட்டது, கிளம்ப வேண்டுமே என்றுதான். நாலு மூச்சு ஓடிவிட்டு இஞ்சின் திணறி நின்றது. நின்றதும் அவளுக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, அதை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? ஊற்றினால் ஓடுகிறது, ஊற்றினது தீர்ந்தால் நிற்கிறது. அப்படியானால் கரண்டு சரியாக இருக்கிறது, பெட்ரோல்தான் ஏறவில்லை. ஏறாமல் பண்ணினவளே நான்தானே, இப்போது நான் அடைக்காத இன்னொரு இடத்தில் எவன் வந்து அடைத்தான்? சென்னியப்பன் நாற்காலியிலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தார். "ஜெட்டுல தூசி," என்றார். "ஜெட்டக் கழட்டி ஊதோணும்." சத்தமாக, அதிகாரமாகச் சொன்னார். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. அதற்காகவே கார்புரேட்டரின் அந்தச் சின்னப் பித்தளைத் திருகைக் கழற்றி ஊதினாள். ஜெட்டில் தூசியில்லை. ஓட்டைக்குள் வெளிச்சம் சுத்தமாகத் தெரிந்தது. அவர் சொன்னது தப்பு என்பது அவளுக்குக் கழற்றும்போதே தெரியும்.

அடைக்காமல் என்ன செய்திருப்பாள்? ஒருநாள் சாயங்காலம் கடைக்குப் போவதாகச் சொல்லிப் புறப்பட்டவரை வாளையாருக்குக் கிட்டே லாரிகள் போகிற ரோட்டில் கண்டுபிடித்தார்கள். வண்டியை நடு ரோட்டில் நிறுத்தி, இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்ட போலீஸ்காரரிடம், அதத்தானுங்க யோசிச்சுட்டிருக்கறேன் என்று மரியாதையாகச் சொன்னாராம். அவரை இடிக்காமல் ஒடித்த ஒரு வேன் வேலியில் போய் மோதியிருந்தது, உள்ளே குடும்பம், குழந்தைக்கு நெற்றியில் காயம். அந்தக் குழந்தையை அவள் பார்க்கவில்லை. பார்க்காததால்தான் அதன் முகம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி வருகிறது. சாவியை அரிசிப் பானைக்குள் ஒளித்தாள். திருடி, என்ற வண்டிய வித்துப்போட்டயா என்று அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார், முறுக்கிக்கொண்டே அழுதார். சாவி இல்லையென்றால் அவளைப் படுத்துவார், சாவி இருந்தால் ஊரைப் படுத்துவார். அப்போதுதான் முற்றத்து வேப்பமரத்தைப் பார்த்தாள். சாவி அவர் கையிலேயே இருக்கட்டும், வண்டி அதுவாகவே நின்றுபோகட்டும். யார் மேலும் குற்றமில்லை. பழைய வண்டி, நிற்கும். எவ்வளவு சாமர்த்தியம். தம்பியிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சபாஷ் அக்கா என்றிருப்பான், டாக்டரிடம் சொல்லியிருந்தால் நல்ல காரியம் என்றிருப்பார். அதனால்தான் சொல்லவில்லையோ என்னவோ. அவர்கள் நல்லது என்று சொல்லிவிட்டால் அப்புறம் இதை எங்கே வைத்துக்கொள்வது?

அவள் எதிர்பாராதது ஒன்றுதான். அவர் விடமாட்டார் என்பது. காலையில் எழுந்ததும் ஷெட்டுக்குப் போய்விடுவார். கார்புரேட்டரைக் கழற்றுவார், துணி விரித்து வரிசையாக வைப்பார், கழுவுவார், மாட்டுவார், சாவியைத் திருகுவார். வராது. மறுநாள் நேற்றுக் கழற்றினது மறந்துபோய் மறுபடி அதையே கழற்றுவார். நாளாக ஆக வரிசை குலைந்தது. ஒரு திருகைக் கையில் வைத்துக்கொண்டு இது எங்கிருந்து வந்தது என்று வெயிலில் பிடித்துப் பார்த்தபடி நிற்பார். அவள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்ப்பாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே பார்ப்பாள். கோளாறு எங்கே என்று தெரிந்த ஒரே ஆள் ஜன்னலுக்குப் பின்னால் நின்று வெங்காயம் நறுக்குகிறாள். ஒருநாள் படியில் வந்து உட்கார்ந்து கைகளைப் பார்த்துக்கொண்டு, "கை மறந்துபோச்சு தெலகா," என்றார். தலை மறந்துபோனது அவருக்கு ஒரு பொருட்டாக இல்லை, கை மறந்துபோனதுதான். இல்லீங்க, பழைய வண்டி, அப்படித்தான் என்றாள். அதோடு நிறுத்தியிருந்தால்கூட பரவாயில்லை. இன்னொரு நாள் இருக்கிறது. அந்த நாளைத் தொடாமல் சுற்றிப் போய்விடலாம் என்று பார்க்கிறாள், கையில் வேலை இருக்கிறது, குழாயைக் கழற்ற வேண்டும், கிளிப்பு இறுகியிருக்கிறது, ஆனால் குழாயைத் தொட்டதுமே அந்த நாள் வந்துவிட்டது. அன்றைக்கு அவர் இந்தக் குழாயைத்தான் கழற்றினார். எப்படியோ அன்றைக்குக் கைக்கு நினைவு வந்துவிட்டது. ஒரு முனையை வாயில் வைத்து ஊதினார். காற்றுப் போகவில்லை. மறுபடி ஊதினார், கன்னம் உப்பிற்று, போகவில்லை. குழாயைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். முகம் மாறியது. ஜன்னலிலிருந்து பார்த்தாள், அது பழைய முகம், நல்ல இழையைக் கண்டுபிடித்தால் வருகிற முகம். இன்னும் ஒரு நிமிசம், குச்சியால் குத்திப் பார்த்திருப்பார். "ஏனுங்க, காப்பி ஆறுதுங்க," என்று கூப்பிட்டாள். காப்பி அப்போது போட்டிருக்கவே இல்லை. அவர் குழாயைக் கீழே வைத்துவிட்டு, இதோ வந்துட்டேன் என்று வந்தார். அவள் அவசரமாகப் பாலைச் சூடுபண்ணி, ஆற்றி, பேச்சுக் கொடுத்து, இன்னொரு வாய் முறுக்குக் கொடுத்து. திரும்பப் போனபோது குழாயைப் பார்த்தார், எதற்கு இதைக் கழற்றினோம் என்று தெரியாமல் அப்படியே மாட்டினார். மாட்டிவிட்டு கார்புரேட்டரைக் கழற்ற உட்கார்ந்தார். காப்பி நன்றாயிருந்தது என்று வேறு சொன்னார்.

கிளிப்பு விட்டது. குழாயின் முனையை வாயில் வைத்து உறிஞ்சினாள். முதலில் ரப்பர் ருசி, அப்புறம் காற்று, அப்புறம் சட்டென்று வாய் நிறையப் பெட்ரோல். துப்பினாள், இருமினாள், கண்ணில் தண்ணீர் கொட்டியது, நாக்கு எரிந்தது. இந்த முனையில்தான் அவரும் வாய் வைத்து ஊதினார். நல்லது, டேங்கிலிருந்து இங்கேவரை வருகிறது. குழாயைக் கீழே தாழ்த்தி பாட்டிலில் பிடித்துப் பார்த்தாள், லேசாகத் துரு கலந்து, தேநீர் நிறத்தில், தாராளமாக வந்தது. பம்பின் பக்கத்தில் இருக்கும் சின்ன நெம்புகோலைக் கையால் அடித்துப் பார்த்தாள். கார்புரேட்டர் பக்கம் ஒரு சொட்டு வரவில்லை. எத்தனை அடித்தாலும் வெறும் காற்றடிக்கிற சத்தம். அப்படியானால் பம்பு. உள்ளே ரப்பர் சவ்வு கிழிந்திருந்தால் அவ்வளவுதான், இன்றைக்குக் கிடைக்காது, கிழிந்திருக்க வேண்டும் என்று மனது வேண்டிக்கொண்டது. கிழிந்திருந்தால் அவள் குற்றமில்லை, வண்டி ஓடவில்லை, அவ்வளவுதான், போக முடியவில்லை. ஆனால் கிழிந்திருந்தால் ஊசி வரும். இரண்டு ஆள் வருவார்கள். வெள்ளைச் சட்டையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு. தூணைப் பிடித்த விரல்கள். சரிபண்ணினால் சிரித்துக்கொண்டே வந்து ஏறுவார், சரிபண்ணாவிட்டால் தூக்கிக்கொண்டு போவார்கள். இரண்டிலும் போகிற இடம் ஒன்றுதான். சிரித்துக்கொண்டு வருகிறவரை ஏமாற்றுவதா, அலறுகிறவரைப் பிடித்துக்கொடுப்பதா, எது பாவத்தில் கொஞ்சம் குறைந்த பாவம் என்று யாரிடம் கேட்பது? பம்பின் மூடித் திருகுகளைக் கழற்றினாள். கழற்றின ஒவ்வொன்றையும் பெட்ரோலில் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். கழுவ வேண்டிய அவசியமே இல்லை. நேரம் போகட்டும் என்று கழுவினாள். பெட்ரோல் விரலில் பட்டு, ஆடிக்காற்றில் சில்லென்று ஆவியாகி, தோல் வெளுத்துச் சுருங்கியது. பிணத்தின் விரல் மாதிரி. ரங்கசாமி மறுபடி கூப்பிட்டான். எடுக்கவில்லை.

மூடியைத் திறந்தாள். சவ்வு கிழியவில்லை. பூப்போல இருந்தது. பின்னே என்ன? குனிந்து பார்த்தாள், ஷெட்டுக்குள் வெளிச்சம் போதவில்லை, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பார்த்தாள். பம்புக்குள் பொத்தான் அளவில் இரண்டு வால்வு உண்டு. ஒண்ணு உள்ள வுடற கதவு, ஒண்ணு வெளிய வுடற கதவு, ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாக்காம திரும்பி நிக்கோணும் என்பார் இஞ்சினிடம். இங்கே இரண்டு கதவும் ஒரே பக்கம் பார்த்து நின்றன. இரண்டும் உள்ளே விடுகிற கதவுகள். வெளியே விட ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் அவளுக்குப் புரியவில்லை, யார் இப்படி மாட்டினது என்று கோபம்கூட வந்தது. அப்புறம் புரிந்தது. ஒருநாள் அவர் பம்பையும் கழற்றியிருக்கிறார். அவள் பார்க்காத நாள், கோயிலுக்கோ ரேசன் கடைக்கோ போயிருந்த நாள். வெள்ளைத் துணி விரித்து வைத்திருப்பார். இதைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுகிறவர், கொட்டுகிற மழையில் ஒரு கையில் குடையைப் பிடித்தபடி மாட்டியிருக்கிறார். அன்றைக்கு மாட்டி முடித்து, சாவியைத் திருகி, வராமல், தப்பு இதில்தான் என்று தெரியாமலே மூடியிருப்பார். அவள் குச்சி வைக்காமலிருந்தால் அவர் இந்தப் பம்பைத் தொட்டிருக்கவே மாட்டார். நல்ல பம்பு. அவள் வைத்தது பொய்க் கோளாறு, அதைத் தேடித் தேடி அவர் ஒரு நிஜக் கோளாறைப் பண்ணிவைத்துவிட்டார். பம்பை மட்டுமா? அந்தப் படியில் வந்து உட்கார்ந்தாரே, கையைப் பார்த்தாரே, அதற்கு முன்னால் அவ்வளவு மோசமில்லையே. இருந்ததா? அதற்கு முன்னால் வாளையார் இருந்தது. குழந்தையின் நெற்றி இருந்தது. ஆனாலும் பேச்சு இருந்தது, தெலகா என்று பேர் இருந்தது. வியாதிதான் அவரைத் தின்றது என்று டாக்டர் சொல்வார். வியாதி பாதி தின்றிருக்கும், மீதியை யார் ஊட்டிவிட்டது? டார்ச்சைக் கவ்விய தாடை வலித்தது. எச்சில் வழிந்து பம்பின்மேல் சொட்டியது. துடைத்தாள். இரண்டு வால்வில் ஒன்றை நகத்தால் நெம்பியெடுத்துத் திருப்பிப் போட்டாள். அதற்கு ஒரு நிமிசம்கூட ஆகவில்லை.

மூடியை இறுக்கி, குழாய்களை மாட்டி, நெம்புகோலைக் கையால் அடித்தாள். களக் களக் என்று பெட்ரோல் ஏறுகிற சத்தம் கேட்டது. தொண்டையில் தண்ணீர் இறங்குகிற சத்தம் மாதிரி. சாவியைத் திருகினாள், இஞ்சின் பிடித்துக்கொண்டது. நின்றுவிடும் என்று காத்திருந்தாள், நிற்கவில்லை. சீராக ஓடிற்று. தறி ஓடுகிற மாதிரி ஒரே சத்தமாக ஓடிற்று. சென்னியப்பன் நாற்காலியிலிருந்து எழுந்து பானட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். தலையைச் சாய்த்துக் கேட்டார், கண் மூடியிருந்தது. "ஆரு சரிபண்ணுனது?" என்றார். இப்போது சொல்லிவிடலாம். நான்தானுங்க அடைச்சேன், நான்தானுங்க எடுத்தேன், உங்க கை மறக்கவே இல்லீங்க, நீங்க கண்டுபிடிச்சுட்டீங்க, நான்தான் காப்பின்னு கூப்பிட்டேன். எல்லாம் வாய்வரைக்கும் வந்துவிட்டது. "நீங்கதானுங்க சரிபண்ணுனீங்க," என்றாள். அவருக்குக் கொடுக்க அவளிடம் வேறென்ன இருக்கிறது? அவர் கண்ணைத் திறந்தார். தன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பார்த்தார், உள்ளங்கை, புறங்கை. சோப்புப் போட்டுக் கழுவி அவளே பவுடர் போட்டுவிட்ட கைகள். அப்புறம் அவளுடைய கைகளைப் பார்த்தார், முழங்கைவரை கருப்பு. "பொய் சொல்றீங்க," என்றார். கோபமாக இல்லை. தராசில் எடை குறைகிறது என்று வியாபாரியிடம் சொல்கிற மாதிரி. பொய் சொல்றீங்க. றீங்க. இன்றைக்கு அவளை அவருக்குத் தெரியவில்லை. அதைக் கேட்டு அவளுக்கு முதலில் வந்தது துக்கமில்லை, அப்பாடா என்றுதான் இருந்தது. தெரியாத ஒருத்திதான் கொண்டுபோய் விடப்போகிறாள். அப்படி நினைத்த தன்னை அவள் அப்போதே பார்த்துவிட்டாள்.

ஸ்டியரிங்கில் உட்காருவேன் என்று அடம்பிடிப்பார் என்று பயந்திருந்தாள். அவர் பின்கதவைத் திறந்து, வேட்டியை ஒதுக்கி, பின்சீட்டில் உட்கார்ந்தார். வாடகை வண்டியில் உட்காருகிற மாதிரி. அவள் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் தம்பிக்கு, கிளம்பியாச்சு, ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை வெளியே எடுத்தாள். அவருடைய மாற்றுத்துணிப் பை ஏற்கெனவே டிக்கியில் இருந்தது. கட்டிவைத்தது நேற்று, அவர் தூங்கும்போது. வடவள்ளி தாண்டினதும் வீடுகள் குறைந்து பாக்குத் தோப்பு வந்தது, காற்று மலையிலிருந்து இறங்கி கண்ணாடி வழியாக முகத்தில் அடித்தது. அவிநாசிக்குப் போகிற ரோடு இதில்லை என்று அவருக்குத் தெரியுமோ என்று கண்ணாடியில் பார்த்தாள். அவர் தோப்புகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். பேசாமல் ஓட்டியிருக்கலாம். யாரோ ஒருத்தியாகத்தானே இருக்கிறோம், கேட்டுவிடலாம் என்று தோன்றியது. "வீட்ல ஆரு இருக்கறாங்க?" என்று கேட்டாள். "சம்சாரம்," என்றார். "எப்படிங்க அவிய?" கேட்டதையே மறந்துவிட்டார் போல என்று நினைத்தாள். ஒரு மாட்டு வண்டியைக் கடந்து போன பிறகு பின்னாலிருந்து குரல் வந்தது. "ராத்திரி எம்பக்கத்துல உக்காந்துட்டு அழுவாளுங்க. நா தூங்கீட்டன்னு நெனப்பு அவளுக்கு." அவள் கியரை மாற்றினாள். மாற்ற வேண்டிய இடமில்லை அது, வண்டி குலுங்கிற்று. "எதுக்கு அழுகறாங்கன்னு நீங்க கேக்கலீங்களா?" என்றாள். "எங்க கேக்கறது," என்றார் அவர். "கேட்டா நிறுத்திப்போடுவா. அப்பறம் அழுகறதுக்கு எங்க போவா?"

இல்லத்தின் கேட்டைத் திறந்துவிட்டார்கள். மாமரத்தடியில் நிறுத்தினாள். பொறுப்பாயிருக்கும் அம்மாளும் ஒரு பையனும் வராந்தாவிலிருந்து இறங்கி வந்தார்கள், அவர்கள் முகத்தில் எதற்கும் தயாரான ஒரு சிரிப்பு. இப்போது பிடிப்பார், சீட்டைப் பிடிப்பார், கதவைப் பிடிப்பார், விரல்களைப் பிரிக்க வேண்டியிருக்கும் என்று அவள் ஸ்டியரிங்கைவிட்டு எழாமலே இருந்தாள். அவர் தானாகக் கதவைத் திறந்து இறங்கினார். நீளமான ஓட்டுக் கட்டடத்தையும், வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்களையும் பார்த்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். சரக்குப் பார்க்க வந்த இடம் என்று நினைத்துக்கொண்டார் போல. அந்த அம்மாள் கும்பிட்டாள், அவரும் கும்பிட்டார். இரண்டடி நடந்துவிட்டு, ஏதோ மறந்ததுபோல் திரும்பி வந்து ஜன்னலில் குனிந்தார். அவர் மூச்சு அவள் முகத்தில் பட்டது. "நேரமாகுமுங்க அம்மிணி," என்றார். "நீங்க போயி சாப்புட்டுட்டு வாங்க. காத்துட்டு உக்காந்திருக்காதீங்க. நா எங்கயும் போயர மாட்டேன், இங்கயேதான் இருப்பேன்."

சரீங்க என்றாள். உள்ளே போய்ச் சொல்ல வேண்டியதைச் சொல்லி, பையைக் கொடுத்து, அவர் இருந்த பக்கம் பார்க்காமல் வெளியே வந்தாள். திரும்பும் வழியில் மெயின் ரோட்டில் ஒரு மெஸ் இருந்தது. அதைத் தாண்டிப் போகத்தான் நினைத்தாள், கால் தானாகப் பிரேக்கை மிதித்து வண்டி நின்றது. கையை எத்தனை தேய்த்துக் கழுவியும் பெட்ரோல் வாசனை போகவில்லை, அந்தக் கையாலேயே சோற்றைப் பிசைந்தாள். சாப்பிடவே மாட்டோம், தொண்டையில் இறங்காது என்றுதான் இத்தனை நாளாக நினைத்துவைத்திருந்தாள். பசித்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, ரொம்ப நாளாகவே சரியாகச் சாப்பிடவில்லை. குழம்பு நன்றாக இருந்தது. பொரியல் நன்றாக இருந்தது. யாரும் அவளைக் கூப்பிடவில்லை, எந்தச் சத்தத்துக்கும் காதைத் தீட்டிக்கொண்டிருக்க வேண்டியிருக்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் இலையில் விழுந்ததை உறைப்பு என்று நினைத்துப் பரிமாறுகிறவர் மோர் கொண்டுவரட்டுமா என்றார். மோர் அப்புறம் என்றாள். ரசத்துக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னாள்.